பிஸ்கட் க்வில்ட்: துவைக்கப்போகிறவரை நினைத்துத் தையுங்கள்

நாத்தனாருக்கு இப்போது ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் வளைகாப்பு, அன்றைக்குக் கையில் கொடுக்கிற மாதிரி குழந்தைக்கு ஒரு பிஸ்கட் க்வில்ட் (பஞ்சடைத்த குட்டிச் சதுரங்களைச் சேர்த்துத் தைக்கிற விரிப்பு) தைக்க வேண்டும் என்கிறீர்கள். ஜாக்கெட், சுடிதார் வரை தைக்கத் தெரியும், வீட்டில் மிதி மெஷின் இருக்கிறது. துணி எவ்வளவு வாங்குவது, இலவம் பஞ்சு அடைக்கலாமா, எத்தனை நாள் ஆகும், பிள்ளை வளர்ந்த பிறகும் உதவும் என்பதால் கட்டில் அளவுக்கே தைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தைக்கலாம். கட்டில் அளவு மட்டும் வேண்டாம், இலவம் பஞ்சும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தைப்பது நீங்கள், துவைக்கப்போவது உங்கள் நாத்தனார். கைப்பிள்ளைக்காரி. குழந்தை அதன் மேல் கக்கும், ஈரம் பண்ணும், வாரம் ஒரு தடவையாவது அலச வேண்டிவரும். பத்தாவது துவைப்புக்குப் பிறகும் அது உருக்குலையாமல் இருக்க வேண்டும். நான் கீழே சொல்லப்போகிற அளவு, பஞ்சு, துணி, தையல் எல்லாமே இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. பல வருஷத்துக்கு முன் அண்ணன் மகளுக்கென்று முதல் க்வில்ட் தைத்தேன். சிவப்புச் சுங்குடியும் வெள்ளை பாப்ளினும் மாற்றி மாற்றி, சதுரங்கப் பலகை மாதிரி. உள்ளே, வீட்டில் கிடந்த தலையணையைப் பிரித்து எடுத்த பருத்திப் பஞ்சு. பார்க்க அவ்வளவு ஜோராக இருந்தது. ஒரே துவைப்புதான். சுங்குடியின் சிவப்பு வெள்ளையில் ஏறி எல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. பஞ்சு ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு மூலைக்கு ஒதுங்கி எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டுகொண்டது. மூன்று நாள் மொட்டை மாடியில் கிடந்தும் உள்ளே ஈரம் போகவில்லை, நாலாம் நாள் வாடை வந்துவிட்டது. அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது மாடிப்படிக்குக் கீழே அவர்கள் வீட்டு நாய் அதன் மேல் சுகமாகப் படுத்திருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிஸ்கட் என்றதும் டீயில் தொட்டுச் சாப்பிடுவதை நினைத்தால் இந்தப் பெயர் புரியாது. அமெரிக்காவில் பிஸ்கட் என்பது உப்பி வரும் மெத்தென்ற சிறு ரொட்டி, கிட்டத்தட்ட நம் பன். தட்டில் பன்னை நெருக்கமாக அடுக்கி வைத்தது போல இருப்பதால் அந்தப் பெயர். பஃப் க்வில்ட் என்றாலும் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விக்டோரியா காலத்தில், மீந்துபோன பட்டு, வெல்வெட் துண்டுகளில் இதைத் தைத்தார்கள். பட்டையும் வெல்வெட்டையும் யார் வாராவாரம் துவைக்கப்போகிறார்கள், அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சாதாரண க்வில்ட்டில் மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்து வைத்து மேலே தையல் ஓட்டுவார்கள். முழு மெத்தையையும் சுருட்டி மெஷின் கைக்கு அடியில் திணித்துத் தைக்க வேண்டும், சின்ன மெஷினில் அது பெரிய ரோதனை. பிஸ்கட் க்வில்ட்டில் ஒவ்வொரு சதுரமும் தனித்தனி குட்டித் தலையணை. அவற்றை ஓரத்தோடு ஓரம் சேர்த்துக்கொண்டே போகிறோம். தைக்கிற இடம் எப்போதும் ஓரத்திலேயே இருப்பதால் பாரம் முழுக்க மெஷினுக்கு இடப்பக்கம் வெளியே கிடக்கும். உங்கள் மிதி மெஷினே போதும் என்று நான் தைரியமாகச் சொல்வது இதனால்தான்.

உப்பலின் சூட்சுமம் மேல்துணி பெரிது, அடித்துணி சிறிது என்பதில் இருக்கிறது. அடித்துணி 4 இஞ்ச் சதுரம் என்றால் மேல்துணி 5 இஞ்ச். நாலு மூலையையும் பொருத்தினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு இஞ்ச் மிஞ்சி நிற்கும். அதை மடிப்பாக மடித்துத் தைத்தால் நடுவில் பை போல எழும்பும், அதில் பஞ்சு. பஃப் கை வைத்த ஜாக்கெட் தைத்திருந்தால் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோளில் செய்வதை நாலு பக்கமும் செய்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது அளவு. 4 இஞ்ச் அடித்துணியில் இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் ஒரு பஃப், அதாவது ஒரு குட்டித் தலையணை, முடிந்தபின் மூன்றரை இஞ்ச். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 12 என்று வைத்தால் 120 பஃப், 35-க்கு 42 இஞ்ச். தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட விட இது கச்சிதம். நீங்கள் கேட்ட கட்டில் அளவைச் சின்னக் கட்டிலுக்கே போட்டுப் பார்க்கலாம். 60-க்கு 90 இஞ்ச் என்றால் 17-க்கு 26, மொத்தம் 442 பஃப். பஞ்சு மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். நனைந்தால் ஒரு ஆள் தூக்கிப் பிழிய முடியாது. சதுரத்தைப் பெரிதாக்கினால் எண்ணிக்கை குறையுமே என்று தோன்றும். குறையும், ஆனால் பை பெரிதாகப் பெரிதாக உள்ளே பஞ்சு உருண்டு ஓட இடமும் கூடும். மூன்றரை இஞ்ச் பைக்குள் பஞ்சு எங்கே ஓடும்? எட்டு வயதில் அந்தப் பிள்ளை இதையே கட்டிக்கொண்டு தூங்கினால் சந்தோஷம், அதற்காக இப்போதே 442 தைக்க வேண்டாம்.

துணிக் கணக்கு 44 இஞ்ச் பன்னாவுக்கு, அதாவது அகலத்துக்கு, சொல்கிறேன். கரையும் சுருக்கமும் போக 42 இஞ்ச் கையில் நிற்கும். மேல்துணியில் 5 இஞ்ச் பட்டை ஒன்றில் 8 சதுரம். ஐந்து வகைத் துணி எடுத்தால் ஒவ்வொன்றிலும் 24 சதுரம், அதாவது மூன்று பட்டை, 15 இஞ்ச். கடைசியில் சொல்லப்போகிற உபரிச் சதுரங்களுக்கும் சேர்த்து ஐந்திலும் அறுபது சென்டிமீட்டர் வாங்கினால் தாராளம். அடித்துணிக்கு 4 இஞ்ச் பட்டையில் 10 சதுரம், 12 பட்டை, 48 இஞ்ச். சுருங்குவதையும் சேர்த்து ஒன்றரை மீட்டர். பின்பக்கம் முழுதாக மூட இன்னொரு ஒன்றரை மீட்டர்.

அடித்துணி வெளியே தெரியப்போவதில்லை என்று மட்டமானதை எடுத்துவிடாதீர்கள். மேல்துணி தொளதொளவென்று கிடக்கும், அதற்கு இழுவிசையே கிடையாது. தூக்கினாலும் உதறினாலும் பாரம் தாங்குவது அடித்துணிதான். காடா துணி எடுங்கள். சாயமில்லை, நெசவு கெட்டி, விலையும் குறைவு. ஆனால் கஞ்சியோடு வரும், நன்றாகச் சுருங்கும். வெட்டுமுன் வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயப்போட்டு இஸ்திரி போட்டே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் துவைப்பில் அடித்துணி சுருங்கி மெத்தை முழுக்க கோணிக்கொள்ளும்.

மேலே பருத்திதான். பாப்ளின், கேம்ப்ரிக், ஜாக்கெட் கட் பீஸ் எது வேண்டுமானாலும் சரி. வழுக்குகிற சில்க், சாட்டின் வேண்டாம், மடிப்பு நிற்காமல் உயிரை வாங்கும். ஜரிகை, கண்ணாடி, சமிக்கி கிட்டேயே வரக்கூடாது. பிறந்த பிள்ளைக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி, பழைய சேலைத் துணியைத்தான் முதலில் போடுவோம் இல்லையா, அந்த முறையில் உங்கள் மாமியாரின் ஒரு பழைய நூல் சேலையைக் கேட்டு வாங்கி ஐந்தில் ஒன்றாகச் சேர்த்தால் அந்த வீட்டுக்கே அது தனி. ஆனால் பழைய சேலையில் முந்தானைப் பக்கமும் கொசுவப் பக்கமும் தேய்மானம் ஒரே மாதிரி இருக்காது. இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வெட்டுங்கள்.

சாயம் போகுமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் துணித் துண்டை வெந்நீரில் நனைத்துப் புதுத்துணியின் மேல் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி பட்டியலில் இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எங்கள் அம்மாவும் சொல்வார், உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்து, கடைக்கு வந்து, ஒழுகிக்கொண்டிருக்கிற சாயத்தை வீட்டு உப்பு கட்டிப்போடாது. அந்தச் சிவப்புச் சுங்குடியையும் நான் உப்பில் ஊறப்போட்டுத்தான் வெட்டினேன்.

பஞ்சு விஷயத்தில் உங்களுக்கு ஆசை இலவம் பஞ்சு மேல். எனக்கும் அதன் மேல் மரியாதைதான், என் தலையணை இன்றைக்கும் அதுதான். லேசு, சூடு பிடிக்காது. ஆனால் தலையணையை நாம் துவைப்பதில்லை, உறையைக் கழற்றித் துவைக்கிறோம். வெயிலில் போட்டு இரண்டு தட்டு தட்டுகிறோம். க்வில்ட்டுக்கு ஏது உறை? இலவம் பஞ்சின் இழை குட்டையானது, மேலே மெழுகு பூசினது போல வழவழப்பு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. துவைத்துக் கசக்கினால் கட்டியாகும், நாளடைவில் தூளாகும். தையல் ஓட்டை வழியாகக் கசிந்து மூக்கில் ஏறும். கைக்குழந்தைக்கு அது ஆகாது. பருத்திப் பஞ்சின் கதையை மேலேயே சொல்லிவிட்டேன். தையல் கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டை அடைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கல் மாதிரி கனக்கும், காயாது.

எனவே தலையணைக்கு அடைக்கிற பாலியஸ்டர் பஞ்சு, கடையில் ஃபைபர் பஞ்சு என்று கேட்டால் தருவார்கள். இழை நீளமாகவும் சுருளாகவும் இருப்பதை வாங்குங்கள். கையில் அமுக்கி விட்டால் திரும்ப எழும்ப வேண்டும். துவைத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஒரே வெயிலில் காய்ந்துவிடும். அதன் குறை காற்றோட்டம் இல்லாதது, வெக்கை. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு இதை யாரும் போர்த்திக்கொள்ளப் போவதில்லை, தரையில் விரிக்கத்தான் போகிறார்கள். ஒரு பஃப்புக்கு 5 கிராம் போதும். 120-க்கு 600 கிராம். ஒரு கிலோ வாங்கினால் மிச்சத்தில் ஒரு குட்டித் தலையணையும் ஆகும்.

5 கிராம் என்றதும் ரொம்பக் கொஞ்சமாகத் தோன்றும். முதல் பத்து பஃப்பை மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்து அடையுங்கள், அப்புறம் கைக்கே அளவு தெரிந்துவிடும். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் கீழே அடித்துணி தட்டுப்பட வேண்டும், விரலை எடுத்ததும் எழும்ப வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோருமே கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பது போல அமுக்கி அமுக்கி அடைப்பார்கள். அடித்துணியும் கீழ்ப்பக்கம் பிதுங்கும், சதுரம் சுருங்கும், பக்கத்து பஃப்போடு அளவு சேராது. எல்லாம் சேர்ந்தபின் மெத்தை மடியாது, பலகை மாதிரி விறைத்து நிற்கும்.

இனி ஒரு பஃப்பைப் பொறுமையாகப் பார்ப்போம். காடா சதுரத்தைக் கீழே வையுங்கள். அதன் மேல் மேல்துணிச் சதுரம், நல்ல பக்கம் உங்களைப் பார்த்து. நாலு மூலைக்கும் நாலு குண்டூசி. இப்போது வலப்பக்க ஓரத்தில் மிஞ்சிய துணியை நடுவில் பிடித்து ஒரு மடிப்பு. அரை இஞ்ச் ஆழத்தில் மடித்தால் சரியாக ஒரு இஞ்ச் துணியை அது விழுங்கிவிடும். மடிப்பைக் கடிகார முள் சுற்றுகிற திசையில் சாயுங்கள். வலப்பக்கத்தில் கீழ்நோக்கி, கீழ்ப்பக்கத்தில் இடது நோக்கி, இடப்பக்கத்தில் மேல்நோக்கி. 120-க்கும் இதே திசை, மாறவே கூடாது. ஏனென்றால் இரண்டு பஃப்பை ஒட்டும்போது ஒன்றின் மடிப்பு நடுக்கோட்டுக்குக் கீழேயும் அடுத்ததன் மடிப்பு மேலேயும் விழும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. திசை கலந்துவிட்டால் ஒரே இடத்தில் எட்டு அடுக்குத் துணி சேர்ந்து ஊசி டக்கென்று ஒடியும். அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும்.

இப்படி மூன்று பக்கத்தை மட்டும் மடித்து, ஓரத்திலிருந்து அரைக்கால் இஞ்சில் தையலைப் பெரிதாக வைத்து ஓட்டிவிடுங்கள். இது மடிப்பை நிறுத்தி வைக்கிற தற்காலிகத் தையல்தான், பின்னால் வருகிற கால் இஞ்ச் தையலுக்குள் மறைந்துவிடும், நேராக இல்லாவிட்டாலும் குடிமுழுகாது. மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு ஒவ்வொன்றாகப் பஞ்சை அடைத்து மூடி, 120 குட்டித் தலையணையைக் குவித்துவிட்டு, அப்புறம் இரண்டு உருண்டையை மெஷினில் எப்படிப் பக்கத்தில் வைப்பது என்று முழிப்பார்கள். நான் வரிசை வரிசையாகச் செய்வேன். வாய் திறந்த பத்துப் பைகளை, பஞ்சில்லாமல் தட்டையாக இருக்கும்போதே, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர்த்துக் கால் இஞ்சில் பக்கவாட்டில் ஒட்டிவிடுவேன். வாய் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். பத்தும் சேர்ந்தபின், தோட்டா சொருகுகிற வார் மாதிரி, மேல்பக்கம் வரிசையாகப் பத்து வாய். இப்போது பஞ்சை அடைத்துக்கொண்டே போய், வாயில் கடைசி மடிப்பை மடித்து, அரைக்கால் இஞ்சில் மூடிவிட வேண்டும். ஒரு வரிசை முடிந்தது. இப்படிப் பன்னிரண்டு.

பஞ்சை உருட்டித் திணிக்க வேண்டாம். பிய்த்து, விரலால் கோதி, மேகம் மாதிரி ஆக்கி உள்ளே விடுங்கள். கட்டியாகப் போவது கட்டியாகவேதான் கிடக்கும்.

வரிசையோடு வரிசையை ஒட்டுவதுதான் இதில் கொஞ்சம் மல்லுக்கட்டு. ஒட்டுமுன் ஒற்றைப்படை வரிசைகளில் பக்கத் தையல் விளிம்புகளை இடப்பக்கமும், இரட்டைப்படை வரிசைகளில் வலப்பக்கமும் சாய்த்துவிடுங்கள். நாலு சதுரம் கூடும் மூலையில் ஒன்றின் தடிப்பும் மற்றதன் தடிப்பும் பல்லோடு பல் பொருந்துவது போல உட்கார்ந்துகொள்ளும். மூலைக்கு ஒரு குண்டூசி, நடுவில் ஒன்று. பஞ்சை விரலால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்ட வேண்டும். ஜிப் வைக்கிற ஃபுட் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், அது உருண்டையின் மேல் ஏறாமல் ஓரமாகப் போகும். இங்கே ஊசி 16-ஆம் நம்பர், நூல் பாலியஸ்டர். மெஷினுக்கு இடப்பக்கம் அதே உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டுச் சேர்ந்த பாகத்தை அதன் மேல் கிடத்துங்கள். பாரம் கீழே தொங்கி இழுத்தால் தையல் தானாகக் கோணும், தப்பு உங்கள் கையில் இருக்காது.

தைத்து முடித்ததும் புரட்டி முன்பக்கத்தைப் பாருங்கள். அரைக்கால் இஞ்சில் ஓட்டிய பெரிய தையல் முன்பக்கம் எங்கேயாவது எட்டிப்பார்த்தால், அந்த இடத்தில் இன்னொரு தடவை ஒரு நூல் உள்ளே தள்ளி ஓட்டிவிடுங்கள். பிரிக்க வேண்டியதில்லை.

பின்துணி வைக்க எளிய வழி, தலையணை உறை மாதிரி திருப்பி எடுப்பது. பின்துணியை முன்பக்க அளவுக்கே வெட்டி, நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்து, சுற்றிலும் கால் இஞ்சில் தைத்து, கீழ்ப்பக்கத்தில் ஒரு சாண் விட்டு அதன் வழியே திருப்பி, விட்ட இடத்தைக் கையால் ஹெம்மிங் பண்ணிவிடலாம். நடுவில் பஞ்சு விரிப்பு எதுவும் வேண்டாம். பைப்பிங் மாதிரி ஓரப்பட்டை வைத்தால் இன்னும் எடுப்பாகத்தான் இருக்கும். முதல் தடவைக்கு இது போதும்.

இப்படியே விட்டால் பின்துணி பாவாடை மாதிரி தனியாக ஆடும். நாலு மூலை கூடும் இடங்களில் ஒன்று விட்டு ஒன்று, மொத்தம் இருபது இடத்தில், கையால் பின்துணியோடு சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். மேலே குஞ்சம் மாதிரி நூலை விடுவது பார்க்க அழகு. ஆனால் குழந்தை முதலில் பிடித்து இழுத்து வாயில் வைப்பது அதைத்தான். அதனால் ஊசியைப் பின்பக்கத்திலிருந்து விட்டு, மடிப்புப் பள்ளத்தில் மறைகிற மாதிரி ஒரே இடத்தில் நாலு தடவை குத்தி எடுத்து, முடிச்சைத் துணிக்குள் இழுத்துவிட்டு நூலை ஒட்ட வெட்டுங்கள். பொத்தான், பாம்பாம் (நூல் பந்து) எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். குண்டூசிகளை எண்ணி எடுங்கள். எனக்கு ஒரு பழைய பற்பொடி டப்பாவில் சரியாக நாற்பது. ஒவ்வொரு ராத்திரியும் மெஷினை மூடுமுன் நாற்பதும் டப்பாவில் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு மூடிய வரிசையில்தான் இருக்க வேண்டும், தடவித் தேடிவிடலாம். கடைசியில் எண்ணினால் 120 பையில் எதில் என்று தேடுவீர்கள்? ஒருதரம் எனக்கு முப்பத்தொன்பதுதான் இருந்தது. ராத்திரி பதினொன்றரைக்குப் பத்துப் பையையும் பிரித்தேன், ஏழாவதில் இருந்தது. ஊசி ஒடிந்தாலும் அப்படித்தான், ஒடிந்த முனை கைக்குக் கிடைக்கிற வரை தையலைத் தொடாதீர்கள்.

கொடுக்கும்போது நாத்தனாரிடம் ஒன்றைச் சொல்லியே கொடுங்கள். ஒரு வயது ஆகிற வரை குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்தவோ, தொட்டிலிலோ தூளியிலோ அடியில் போடவோ கூடாது. பொசுபொசுவென்று இருக்கிற எதிலும் முகம் புதைந்தால் பச்சைக்குழந்தையால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஒரு வயதுக்குள் தூங்கும் இடத்தில் மெத்தென்ற விரிப்பு, தலையணை, போர்வை வைக்கக் கூடாது என்றே சொல்கிறது. விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தரையில் விரித்து விளையாட விடலாம். பரிசு கொடுக்கிற இடத்தில் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட வேண்டாம்.

துவைக்கிற விதத்தை ஒரு நாடாத் துண்டில் எழுதிப் பின்பக்க மூலையில் வைத்துத் தைத்துவிடுங்கள். வாஷிங் மெஷினில் மென்மையான சுற்று, பச்சைத்தண்ணீர், காயும்போது கொடியில் தொங்கவிடாமல் தட்டையாக விரித்து, பாதி காய்ந்ததும் ஒரு தடவை எல்லாப் பஃப்பையும் தட்டிவிடுவது. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். நீங்களே ஒரு தடவை துவைத்துக் காயவைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தையல் விடுவதாக இருந்தால் உங்கள் வீட்டில் விடட்டும்.

நாள் கணக்கு: துணியை அலசி, இஸ்திரி போட்டு, வெட்ட இரண்டு நாள். ஒரு மாலைக்கு இரண்டு வரிசை என்றால் ஆறு மாலை. வரிசைகளை ஒட்ட மூன்று, பின்துணிக்கும் முடிச்சுக்கும் இரண்டு. சமையல், பள்ளிக்கூடம், விருந்தாளி எல்லாம் இடையில் வரும் என்று வைத்தாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது.

ஆனால் துணி வாங்கக் கிளம்புமுன் உங்கள் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பிறக்குமுன் பிள்ளைக்கான சாமான் எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பவர்கள் நிறைய வீட்டில் உண்டு. பழைய சேலை கேட்கும் சாக்கில் அதையும் கேட்டுவிடலாம். ஆகாது என்றால் வளைகாப்புக்கு வளையலும் சேலையும் கொண்டுபோங்கள், இதைத் தொட்டில் போடுகிற அன்றைக்குக் கொடுக்கலாம். குப்புற விழுகிற வயது வரும்வரை குழந்தைக்கு இது தேவையும் படாது. ஐந்து துணியிலும் இரண்டிரண்டு சதுரம் மட்டும் அதிகமாக வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல் முளைக்கிற காலத்தில் எப்படியும் ஒன்று கிழிந்து திரும்பி வரும்.